பன்னிரண்டுக்கு அந்தப் பக்கம்

பிலோமினா ஒரு சீலா மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தபோது பருந்து அவளைச் சுட்டது. குண்டு கழுத்தில் பாய்ந்து பிடரி வழியாக வெளியேறியது. மீன் முதலில் விழுந்தது, அதன்மேல் அவள் விழுந்தாள். எதிரே பையை விரித்துக்கொண்டு நின்ற ஜெசிந்தாவின் கன்னத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் சூடாகத் தெறித்தது.

ஏலக்கூடமே சிதறி ஓடியது. ஜெசிந்தா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். இயந்திரப் பருந்து கூரையின் உயரத்துக்கு இறங்கி, இறக்கைகள் இரைய, சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னது. "ரெக்ஸன். தண்டனை நிறைவேறியது." சொல்லிவிட்டு மேலே போய்விட்டது.

கீழே கிடந்தவள் ஒரு பெண். மணப்பாட்டிலிருந்து நெய்தல்முனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ரெக்ஸன் ஆண். டீசல் துறைக்குத் தீ வைத்து, படகுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கரிக்கட்டையாக்கியவன்.

ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கும்போதே மனம் ஒரு கழித்தல் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பருந்துகளின் காதுகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை.

துறைமுகத்தைக் கடற்காப்பு நிறுவனம் எடுத்துக்கொண்ட பிறகு, ஊரில் ஒவ்வொருவர் காறை எலும்புக்கு அடியிலும் அரிசி அளவில் ஒரு விதை வைக்கப்பட்டது. அது ஓயாமல் ஒரு குரல் கொடுக்கும். ஒருவர் குரலைப் போல இன்னொருவர் குரல் இருக்காது, அதிர்வெண் வேறாக இருக்கும். யாருக்காவது தண்டனை எழுதப்பட்டால் பருந்து அந்தக் குரலைத் தேடிப் பறக்கும். முகத்தைப் பார்க்காது.

மதியத்துக்குள் நிறுவனத்தின் ஒலிபெருக்கி விளக்கம் சொன்னது. பருந்து தவறு செய்யாது. ரெக்ஸனின் விதையை அறுத்தெடுத்து இந்தப் பெண்ணின் உடலில் வைத்து அவனைத் தப்பவிட்டிருக்கிறார்கள். அவள் கூட்டாளி.

தீயில் ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. துடுப்பும் கம்பியுமாகப் பிலோமினாவின் வீட்டுக்குப் போனார்கள். அவள் புருஷன் சூசையை வாசலில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். இடது கை இரண்டாக ஒடிந்தது. வீட்டைக் கொளுத்தினார்கள். தெருமுனையில் ஒரு காவலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூசை அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினானாம். அவர் காலை உதறினாராம். மீன் அறுக்கும் கத்தி எங்கிருந்து அவன் கைக்கு வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் காவலரின் வயிற்றில் இறக்கிவிட்டு, ஒடிந்த கை ஆட ஆட, அவன் உப்பளத்துப் பக்கம் ஓடிவிட்டான்.

ஜெசிந்தா பிணவறைக்குப் போனாள். ஆள் செத்தாலும் விதை சில மணி நேரம் குரல் கொடுக்கும். கையிலிருந்த அதிர்வெண் அளவியைப் பிலோமினாவின் தோள்பட்டைமேல் வைத்தாள். பதினொன்று புள்ளி ஏழு எட்டு எட்டு. ரெக்ஸனின் எண் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு புள்ளி இரண்டு ஒன்று இரண்டு. பன்னிரண்டுக்கு மேலே எவ்வளவோ, கீழேயும் அவ்வளவே. தோலில் விதையை மாற்றி வைத்த தழும்பு எதுவும் இல்லை.

இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு இசக்கியப்பனைத் தேடிப் போனாள்.

பருந்துக் காதை வடிவமைத்தவர் இசக்கியப்பன். நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், நிதானமான மனிதர், ஜெசிந்தாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவள் எண்களைச் சொன்னதும் அவர் முகத்தில் வியப்பு வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

காதுக்குள் அதிர்வுகளை எண்ணும் கருவியான எண்ணி சின்னது. விதைகள் பாடும் உயரத்தில் அதனால் எண்ண முடியாது. அதனால் வருகிற குரலோடு பன்னிரண்டு என்ற தெரிந்த குரல் ஒன்றைக் கலந்து, இரண்டுக்கும் இடையே மிஞ்சுகிற வித்தியாசத்தை மட்டும் எண்ணியிடம் கொடுக்கிறார்கள். எண்ணி அதை எண்ணும், பிறகு பன்னிரண்டைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் வித்தியாசத்துக்கு மேல் கீழ் கிடையாது. அதற்காகவே இசக்கியப்பன் ஆரம்பத்தில் ஒரு சோதனை வைத்திருந்தார். தெரிந்த குரலைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி எண்ணுவது. வித்தியாசம் குறைந்தால் ஆள் பன்னிரண்டுக்கு மேலே உள்ள மேல் வரிசை, கூடினால் கீழே உள்ள கீழ் வரிசை. கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். அந்தச் சோதனையை இப்போது காணவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார் இசக்கியப்பன். "ஒனக்குத் தெரியுமே. சொரிமுத்து செத்த அன்னைக்குப் பருந்து தலைக்கு மேலதான் நின்னுச்சு. ஒருத்தன் வெடிகுண்டோட, காவலுக்கு நின்ன எம் பையன் மேல பாயுதான். அது சுடல. கேட்டுக்கிட்டு நிக்குது. மறுபடி கேக்குது. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எம் பையன வாளியில அள்ளிக் குடுத்தாங்க."

அவரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். அன்று கீழ் வரிசையில் இருந்தவர்கள் நிறுவனத்தின் காவலர்கள் மட்டும்தான் என்றும், சோதனையை எடுத்தபோது அவர்கள் சட்டையில் பருந்து பார்த்தறிந்து சுடாமல் விடும் பட்டை ஒன்றைத் தைத்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு மேல் வரிசை நிரம்பிவிட்டது. வேலை தேடியும் வாழ்க்கைப்பட்டும் ஊருக்கு வந்தவர்களுக்குக் கீழ் வரிசையைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. பட்டை அவர்களுக்குத் தைக்கப்படவில்லை.

ஜெசிந்தா சோதனையைத் திரும்ப வைக்கச் சொன்னாள். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். இப்போது வைத்தால் இதுவரை சுட்டதெல்லாம் சந்தேகத்துக்கு வரும், நிறுவனம் விடாது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இன்னொரு தகப்பன் வாளியோடு நிற்பதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார்.

மாலையில் அவள் வீடு திரும்பியபோது சமையலறையில் சூசை உட்கார்ந்திருந்தான். ஒடிந்த கையைச் சாரத்தால் கழுத்தில் கட்டியிருந்தான். மற்றக் கையில் அதே கத்தி. அவள் கதவைத் தாழிடுவதற்குள் சுவரோடு சேர்த்து அமுக்கிக் கத்தியைத் தொண்டையில் வைத்தான். தோல் கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

"பருந்துக்குக் காது வைக்கவ நீதான," என்றான். "எம் பொண்டாட்டி என்ன தப்புச் செஞ்சா? சொல்லிட்டுச் சாவு."

ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஜெசிந்தா சொன்னாள். ஊரில் அதை அவனிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். கத்தி நகரவில்லை, ஆனால் அழுத்தம் குறைந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட நூறு அடி டேப்புதான் இருக்கு. நான் ரோட்டுல எங்கயோ தூரத்துல நிக்கேன். ஊர்ல இருந்து அளக்க முடியாது. நான் பன்னெண்டாங் கல்லுக்குப் பக்கத்துல நிக்கேன்னு மட்டும் ஒங்களுக்குத் தெரியும். எப்படி அளப்பிய?"

"கல்லுல இருந்து அளப்பேன்," என்றான் சூசை, எரிச்சலோடு.

"எழுவது அடின்னு வருது. நான் கல்லுக்கு அந்தப் பக்கம் நிக்கனா, இந்தப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும் எழுவதுதான," என்றான்.

"பருந்துக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் பக்கம் ரெக்ஸன். இந்தப் பக்கம் ஒங்க பிலோமி. யாரு முதல்ல காதுல விழுந்தாவளோ அவிய."

கத்தி தரையில் விழுந்தது. அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்து, சத்தம் வராமல், ஒடிந்த கையைத் தரையில் அடித்து அடித்து அழுதான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு அவன் ரெக்ஸன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டான். இருக்கிறான், இயந்திரத்தைப் பொறுத்தவரை செத்துவிட்டான், இனி எந்தப் பருந்தும் அவனைத் தேடாது என்றாள். காவலரைக் கொன்றதற்காகச் சூசைக்குத் தண்டனை எழுதியாயிற்று, காலையில் பருந்து கிளம்பும் என்பதையும் மறைக்கவில்லை. அவன் அதை ஏதோ மழை வரும் என்று கேட்டதைப் போலக் கேட்டுக்கொண்டான்.

"எனக்கு இந்தப் பக்கம் யாரு நிக்கா?"

அவள் அதையும் பார்த்து வைத்திருந்தாள். தங்கபுஷ்பம். சாத்தான்குளத்துக்காரி, ஐஸ் ஃபாக்டரியில் பாளம் உடைக்கிறவள், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவள் திட்டம் எளிமையானது. இரும்புக்குள் இருந்தால் விதையின் குரல் வெளியே வராது. ஐஸ் ஃபாக்டரித் துறையில் கட்டிக் கிடக்கும் பழைய பார்ஜின், அந்த இரும்புச் சரக்குப் படகின், அடித்தட்டில் சூசை ஒளிந்துகொள்வது, தங்கபுஷ்பத்தை இரும்புச் சுவர் போட்ட குளிர் அறைக்குள் வைத்துக்கொள்வது. ஒரு பகல் தாங்கினால் தலைநகரத்திலிருந்து விசாரணை அதிகாரியை வரவழைத்துவிடலாம் என்று நம்பினாள்.

விடிந்ததும் சூசையைப் பார்ஜில் இறக்கிவிட்டு ஃபாக்டரிக்குள் போனாள். தங்கபுஷ்பம் கணுக்கால்வரை தண்ணீரில் நின்று கோடாலியால் பாளத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நிறுவனத்துக்காரி, கழுத்தில் கட்டு, பேச்சில் பதற்றம். யார் நம்புவார்கள்? அவளைக் கெஞ்சியும் இழுத்தும் குளிர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் தங்கபுஷ்பம் பொறுமையாகத்தான் இருந்தாள். பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. எதற்காக இவள் என்னைப் பூட்டி வைத்திருக்கிறாள்? கோடாலிக் காம்பால் ஜெசிந்தாவின் விலாவில் ஓங்கிக் குத்தினாள். ஜெசிந்தா மடங்கி விழுந்தாள். தங்கபுஷ்பம் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள்.

துறைக்கு மேலே பருந்து ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கேட்க வேறு குரல் இல்லை. ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது, சூசையை ஒளித்துவைத்ததன் மூலம் இவளை ஒற்றையாகக் காட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று. பருந்து தலை சாய்த்து இறங்கியது. முதல் குண்டு தங்கபுஷ்பத்தின் தொடையைக் கிழித்தது. அவள் ஐஸ் சறுக்குப் பலகையில் விழுந்து ரத்தக் கோடு இழுத்தபடி துறையை நோக்கி உருண்டாள்.

பார்ஜின் மூடி திறந்தது. சூசை ஏறி வந்தான். ஓடவில்லை. சட்டைப் பொத்தானை ஒரு கையால் அவிழ்த்து, காறை எலும்பைத் திறந்து காட்டிக்கொண்டு, பருந்துக்கு நேர் கீழே வந்து அவளுக்கும் அதற்கும் நடுவில் நின்றான். பக்கத்துக் குரல் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும், பருந்து அவன் பக்கம் திரும்பியது.

"எம்மா, நீங்க கண்ண மூடிக்கிடுங்க," என்று அவன் தங்கபுஷ்பத்திடம் சொன்னதை ஜெசிந்தா கேட்டாள்.

குண்டு அவன் நெஞ்சைப் பிளந்தது. அவன் பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தான். பருந்து இறங்கி வந்து, "சூசை. தண்டனை நிறைவேறியது," என்றது.

அன்று மதியம் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. குற்றவாளி கொல்லப்பட்டான், பருந்து தவறு செய்யாது என்பது ஊரறிய நிரூபணமாயிற்று என்றது.

ஜெசிந்தா விலாவைப் பிடித்துக்கொண்டு இசக்கியப்பனின் அறைக்குப் போனாள். சூசையின் ரத்தம் கைகளில் காய்ந்திருந்தது. அவள் கோபப்படவில்லை. முந்தின நாளிலிருந்தே ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோதனைக்குக் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். எத்தனையோ தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது. சொரிமுத்து செத்த அன்று மட்டும் பருந்து ஏன் மறுபடி மறுபடி கேட்டது?

"சார், சொரிமுத்துவோட நம்பர் என்ன?"

அதை ஏன் கேட்கிறாய் என்பதுபோல அவர் பார்த்தார். ஆனால் சொன்னார். மகன் பிறந்த நாளைச் சொல்வதைப் போலச் சொன்னார். "பதினொன்னு புள்ளி ஆறு அஞ்சு மூணு."

"குண்டு வச்சிருந்தவன் நம்பர்?"

அதுவும் அவருக்கு மனப்பாடம். எத்தனை இரவுகள் அந்த எண்ணைச் சபித்திருப்பார். "பன்னெண்டு புள்ளி மூணு நாலு..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். கடைசி இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. ஊரில் யாருடைய எண்ணையும் கூட்டிப் பார்க்கத் தெரிந்த மனிதர் இந்த இரண்டை மட்டும் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. இப்போது கூட்டினார். சரியாக இருபத்து நான்கு.

"ரெண்டு பேரும் கட்டிப் புரண்டுகிட்டு இருந்திருக்காங்க," என்றார். "ஒரே வித்தியாசம். ஒண்ணு கூடுது, ஒண்ணு கொறையுது. எது எந்த ஒடம்புன்னு அதுக்குப் பிரிக்க முடியல. எம் பிள்ளையச் சுட்டுறக் கூடாதுன்னுதான் நின்னுருக்கு."

சோதனை இல்லாத பருந்தாக இருந்தால் அன்று அவர் மகன் அதன் குண்டுக்கே போயிருக்கலாம் என்பதை ஜெசிந்தா அவருக்கு விளக்க வேண்டியதில்லை. பிலோமினாவும் சூசையும், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேரும் சொரிமுத்துவின் பெயரால் போயிருக்கிறார்கள் என்பதையும்.

இசக்கியப்பன் பட்டறைக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு பருந்துக் கூடத்துக்கு நடந்தார். அவள் பின்னால் போய் உள்ளிருந்து தாழிட்டாள். பருந்துகள் வரிசையாக மின்னூட்டத்தில் நின்றன. அவர் முதல் காதை அடித்தார். ஓடு பிளந்து, கலக்கும் பெட்டி நசுங்கி, பொறி பறந்தது. அடுத்தது. அடுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து சம்மட்டிப் பிடி வழுக்கியபோது சட்டையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். ஜெசிந்தா ஓர் இரும்புக் குழாயை எடுத்து மறுகோடியிலிருந்து அடித்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் விலாவில் உயிர் போனது.

காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது கடைசி வரிசை மட்டும் மிச்சம். இசக்கியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்மண்டையில் விழுந்த தடியடி அவரை அவர் உடைத்த பருந்தின் மேலேயே சாய்த்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது. ஜெசிந்தாவின் தாடையை உடைத்து, விழுந்த பிறகும் மிதித்தார்கள்.

பருந்துகள் இல்லாத நாட்களில்தான் விசாரணை அதிகாரி ஊருக்குள் வர முடிந்தது. ஜெசிந்தா கம்பி கட்டிய தாடையோடு சாட்சி சொன்னாள். நிறுவன மேலாளர் ஒருவர் நக்கலாகத் தன் எண்ணைச் சொல்லி, தனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன் யார் என்று கேட்டார். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். கீழ் வரிசை. சட்டையில் பட்டையும் கிடையாது. எதிர்ப்பக்கம் நிற்பவன் ரெக்ஸனின் கூட்டாளி என்றும், அவனுக்குத் தண்டனை எழுதியாயிற்று, புதுப் பருந்துகள் வந்து இறங்கியதும் தேடப் போகின்றன என்றும் அவள் சொன்னாள். அந்த மேலாளர் அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே வரவில்லை. பிலோமினாவுக்காக நடக்காதது அவருக்காக ஒரே வாரத்தில் நடந்தது. புதுப் பருந்துகளுக்குச் சோதனை திரும்ப வந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் சுட வேண்டும் என்று உத்தரவாயிற்று. செத்ததாக மூடப்பட்ட தண்டனைகளும் மறுபடி திறக்கப்பட்டன.

ஜெசிந்தாவுக்குச் சிறை. வெளியே வந்தபோது அவளுக்கு வேலை இல்லை. தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டே வந்து அவளைத் தன்னோடு ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இருவரும் மீன் விற்றார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பருந்து யார் தலைக்கு மேலாவது வந்து நின்றால், அது மூன்று தடவை கேட்டு முடிப்பதற்குள், கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஓடிவந்து அந்த ஆளைக் கட்டிக்கொள்வார்கள். உடம்போடு உடம்பு ஒட்டிவிட்டால் எந்தக் குரல் எந்த ஆளுடையது என்று அதனால் பிரிக்க முடியாது. பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போய்விடும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. தன் ஊர்ப் பெண்கள்தான் என்று தங்கபுஷ்பம் சொன்னாள்.

ஒரு காலை ஐஸ் தள்ளிக்கொண்டு வந்த ஒல்லியான ஆள் ஒருவன் தலைக்கு மேல் பருந்து வந்து நின்றது. தாடி, குழி விழுந்த கன்னம். அவன் வண்டியை விட்டுவிட்டு மண்டியிட்டான். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜெசிந்தாவும் ஓடி, அவன் முதுகைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். அவன் இதயம் அவள் நெஞ்சில் அடித்தது. மேலும் மேலும் ஆட்கள் வந்து அமுக்கினார்கள். பருந்து கேட்டது. மறுபடி கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, "ரெக்ஸன். பிரித்தறிய முடியவில்லை," என்று சொல்லிவிட்டு உயரே எழும்பி அங்கேயே வட்டமிட்டது.

அவனைக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் டீசல் துறையில் புருஷனையோ தம்பியையோ கரியாக அள்ளியவர்கள். ஒருத்தியின் கை அவன் குரல்வளைக்கு ஏறி நின்றது. விலகினால் போதும், மற்றதைப் பருந்து பார்த்துக்கொள்ளும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஜெசிந்தாவின் உடைந்து கூடிய தாடை வலித்தது, அந்த அளவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம்தான் முதலில் பேசினாள். "யாரும் கைய எடுக்காதீங்க. கோர்ட்டு தூரமில்ல, அங்க வச்சு இவன விசாரிக்கட்டும். இப்படியே நடங்க."

குரல்வளையில் இருந்த கை இறங்கி அவன் தோளைப் பிடித்தது. ஒட்டிய உடம்புகளாக, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும், அவர்கள் அவனை நடுவில் வைத்து வெயிலில் இறங்கினார்கள்.